டிவியில் முளைத்த மூன்றாவது பெயர்

குண்டனி நாடு,
கொல்லிமலை.
பங்குனி 20

அன்பு மகள் யமுனாவுக்கு அப்பா எழுதுவது. நானும் செவலைப் பசுவும் அது போன வாரம் ஈன்ற கிடாரிக் கன்றும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே அயர்லாந்தில் நீ சுகமாக இருப்பாய், உன் முதுகுவலி மட்டும் சுகமில்லாமல் ஓடிப்போயிருக்கும் என்று நம்புகிறேன். வாரத்துக்கு இரண்டு தடவை வீடியோவில் முகம் பார்த்துப் பேசுகிற அப்பனுக்கு இப்போது எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். செம்மேடு தபால் ஆபீஸில் அயர்லாந்துக்குத் தபால் போகுமா என்று கேட்டபோது அங்கிருந்தவரும் இதையேதான் கேட்டார். வீடியோவில் உன் முகம் தெரிகிறது கண்ணு, அதுதான் சிக்கல். மூன்று தடவை சொல்ல வாயெடுத்தேன், மூன்று தடவையும் உன் முகத்தைப் பார்த்ததும் பேச்சு தானாக மழைக்கும் பலாப்பிஞ்சுக்கும் போய்விட்டது. காகிதத்துக்கு முகம் இல்லை, அதனால் இதில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

போன மாதம் நீ கேட்டாய், டிவியில் படம் பார்க்கிற நம் சினிமாக் கணக்கில் யமுனா, அப்பா என்று இரண்டு பெயர்தானே இருந்தது, மூன்றாவதாகக் கலைமணி என்று புதிதாக ஒன்று இருக்கிறதே, அதாருங்கப்பா என்று. நான் என்ன சொன்னேன்? தெரியலையே சாமி, தானா வந்திருக்கும், கம்பெனிக்காரன் எவனாவது போட்டிருப்பான் என்றேன். நீயும் அதை நம்பி, யாரோ திருட்டுத்தனமாக உள்ளே நுழைந்துவிட்டார்கள் என்று பயந்து, அந்தப் பெயரை அழித்து, பாஸ்வேர்டையும் மாற்றி, புதியதை எனக்கு அனுப்பினாய். நான் சொன்னது பொய் சாமி. கலைமணி என்று ஓர் ஆள் இருக்கிறார். நம் மலையிலேயே ஆலத்தூர் நாட்டுக்காரர், நாற்பத்தொன்பது வயது, புருஷன் இறந்து பதினோரு வருஷம் ஆகிறது, ஒரே மகன் பிரேம் கல்யாணமாகி நாமக்கல்லில் லாரி ஓட்டிக்கொண்டு இருக்கிறான். அந்தக் கலைமணியும் நானும் தை மாதத்திலிருந்து சேர்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்தோம். மிச்சமிருக்கிற நாட்களையும் சேர்ந்தே ஓட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. இந்த ஒரு வரியை எழுதிவிட்டு எழுந்துபோய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தேன்.

சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி முறையாக முதலிலிருந்து வருகிறேன். நடுவில் படங்களும் வரும், பொறுத்துக்கொள். எல்லாரும் பாக்கறதையே பாக்காதீங்கப்பா, யாரும் பாக்காததுல நல்லது ஏதாவது அகப்பட்டா எனக்குச் சொல்லுங்க என்று நீதானே கட்டளை போட்டாய். ஐப்பசியில் சாமை அறுப்புக்கு நாங்கள் ஆலத்தூர் நாட்டுக்குப் போனோம், அந்தக் கைமாற்றுக்குத் தை மாதம் அவர்கள் நம் மிளகுக் கொடிக்கு வந்தார்கள். அதில் ஒருவர்தான் கலைமணி. ஒற்றை மூங்கில் ஏணியில் இருபதடி ஏறி நின்றுகொண்டு, கீழே நிற்கிற என்னைப் பார்த்து, ஏனுங்க, பிடிங்கன்னா கொடியப் பிடிக்கறீங்க, ஏணியப் பிடிங்க என்று அதட்டினார். முதல் நாள் வேலைக்கு வந்தவர் கொடிக்குச் சொந்தக்காரனை அதட்டுகிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது, ஆனால் ஏணியைத்தான் பிடித்தேன். பறித்த மிளகுச் சரத்தை ஊட்டுக்குள் குவித்து வைத்துக்கொண்டு நாலு பேர் சுற்றி உட்கார்ந்து உதிர்ப்போம் அல்லவா, அப்போது சும்மா கிடக்கிற டிவியைப் போட்டேன். மேல்வீட்டுப் பொன்னாயி அக்காவும் தன் முறத்தோடு வந்து சேர்ந்துகொண்டார், அவரைத்தான் உனக்குத் தெரியுமே, டிவியில் ஆள் தும்மினாலும் இவர் நூறாண்டு என்பார்.

அப்போது கற்றுக்கொண்டேன், படத்தை ஆளுக்குத் தகுந்தபடி எடுப்பதைவிடக் கை வேலைக்குத் தகுந்தபடி எடுப்பதுதான் சரி. மிளகு உதிர்க்கும்போது கண் பாதி நேரம் விரலில் இருக்கும், அதனால் தமிழில் பேசுகிற படம் வேண்டும், காது பார்த்துக்கொள்ளும். சாமை புடைக்கிற நாளில் முறத்தின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது, அதற்கு அதிகம் பேசாத படம். குச்சிக்கிழங்கு தோல் சீவும்போது கத்தி கையில் இருக்கும், அப்போது திடுக்கென்று அலறுகிற படம் ஆகாது, ஒரு தடவை வைத்துவிட்டுப் பொன்னாயி அக்கா கட்டை விரலுக்கு மஞ்சள் அப்ப வேண்டியதாகிவிட்டது. அடியில் தமிழ் எழுத்து ஓடுகிற படம் என்றால் எல்லா வேலையையும் ஓரமாக வைத்துவிட வேண்டும். முதலில் நான்தான் அந்த எழுத்தை உரக்கப் படித்துக் காட்டினேன். கலைமணி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, நீங்க படிச்சு முடிக்கறதுக்குள்ள அந்த ஆளே செத்துப்போயிடறானுங்க என்று சொல்லி அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். பத்தாவது வரை படித்தவர், எழுத்து ஓடுவதற்கு முன்னால் இவர் வாய் ஓடும்.

யாரும் பார்க்காத படத்தை எப்படித் தேடுவது என்பதும் அவர் சொன்ன வழிதான். வாரா வாரம் பேளுக்குறிச்சிச் சந்தையில் சாமையும் மிளகும் வைத்து விற்கிறவர். முன்னாடி கோபுரமாட்டம் குமிச்சு வெச்சிருக்கறதெல்லாம் கூட்டத்துக்குங்க, ஒத்தை மூட்டையோட பின்னாடி உக்காந்திருக்கறவங்ககிட்டதான் சரக்கு நல்லா இருக்கும் என்பார். அதனால் டிவி திறந்ததும் மேலே பெரிது பெரிதாகக் காட்டுகிறானே, அதையெல்லாம் திரும்பியே பார்க்க மாட்டோம். பட்டனை அழுத்திக்கொண்டே அடிமட்டத்துக்குப் போய்விடுவோம். பெயர்கள் எல்லாம் ஆங்கிலத்தில் ஏதேதோ இருக்கின்றன, எனக்கு நிற்கவில்லை, அதனால் முகப்பில் என்ன படம் இருக்கிறது என்று சொல்கிறேன், நீ கண்டுபிடித்துக்கொள்.

மஞ்சள் பஸ்ஸின் முதுகும் அதன் கூரையில் ஒரு கோழிக்கூண்டும் இருந்தால் அதை விடாதே. பனி கொட்டுகிற ஏதோ ஒரு மலைநாடு, அங்கே ஒரே பஸ், அதை ஓட்டுகிறவள் ஒரு பொம்பளை. தினமும் அதே ஏழு பேர் ஏறி அதே இடத்தில் உட்காருகிறார்கள், ஒருவரோடு ஒருவர் பேசுவதுகூட இல்லை. ஒரு நாள் ஆறு பேர்தான் வருகிறார்கள். அந்த ஏழாவது ஆள் எங்கே என்று பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு எல்லாரும் தேடிப் போகிறார்கள், இவ்வளவுதான் கதை. அடிதடி இல்லை, பாட்டு இல்லை, ஆனால் சாமி, ஒருத்தர் கூட மிளகில் கை வைக்கவில்லை. ஒரே குறை, அந்தப் பெண் எந்த வளைவிலும் ஹாரன் அடிப்பதில்லை. எழுபது கொண்டை ஊசி வளைவில் ஏறி இறங்குகிற நமக்கு அது பொறுக்குமா, பொன்னாயி அக்கா வளைவுக்கு வளைவு, அடி புள்ள, ஹாரனடி என்று கத்திக்கொண்டே இருந்தார். நீ வேலை முடிந்து வந்து காலைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு பார்க்க ஏற்ற படம்.

அடுத்தது, முகப்பில் ஒன்றுமே இருக்காது, வெறும் வெள்ளை, அதன் நடுவில் ஒரு கயிறு. கடற்கரை ஊர் ஒன்றை நாற்பது நாள் மூடுபனி பிடித்துக்கொள்கிறது, முடிவெட்டுகிறவர் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டே வீடு வீடாகப் போய் முடி வெட்டி, ஒரு வீட்டுச் சேதியை அடுத்த வீட்டுக்குச் சொல்கிறார். இந்தப் படத்தில்தான் நாங்கள் அவமானப்பட்டோம். டிவியில் பனி ஏறி ஏறி மொத்தமும் வெள்ளையானதும் பொன்னாயி அக்கா பதறி எழுந்து, ஊட்டுக்குள்ள மஞ்சு பூந்துருச்சு, மிளகு நமுத்துப்போகும் என்று தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டார், நான் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன். சாத்திவிட்டுத் திரும்பினால் டிவிக்குள் மட்டும் பனி, வெளியே நல்ல வெயில். கலைமணி முறத்தை முகத்தில் வைத்துக்கொண்டு சிரித்தார், தோள் குலுங்கியதில் தெரிந்தது. மலைக்குக் கீழே இருக்கிற கீழ்நாட்டுக்காரர்கள் பார்த்திருந்தால் நம் மானம் போயிருக்கும்.

குளிர்நாட்டு விவசாயிகள் பூசணிக்காயைப் பூதமாக வளர்த்து எடை போடுகிற ஒரு நிகழ்ச்சி இருக்கிறது, அது வாய்விட்டுச் சிரிக்க. பூசணிக்குக் கம்பளி போர்த்துகிறார்கள், பாட்டுப் பாடுகிறார்கள், தோற்றவன் அழுகிறான். நம் தோட்டத்துப் பலா ஒன்றைக் கொண்டுபோய் அந்தத் தராசில் ஏற்றினால் எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்று நான் பெருமையடித்தேன், பலா போட்டியிலேயே இல்லீங்களே என்று கலைமணி என்னை அடக்கினார். உப்பு ஏரிக்கரையில் உட்கார்ந்து பறவைகளை எண்ணுகிற ஒருவரைப் பற்றிய படமும் ஒன்று உண்டு. கலைமணிக்கு அது மிகவும் பிடித்தது, எனக்கு நல்ல தூக்கம் வந்தது. ஷிப்டு மாறி மாறித் தூக்கம் கெடுகிற உனக்கு மருந்தாக எழுதித் தருகிறேன், மாத்திரைக்கு இது எவ்வளவோ மேல்.

இனி அந்தப் பெயர் எப்படி முளைத்தது என்று சொல்கிறேன். டிவி திறந்ததும் யார் பார்ப்பது என்று ஒரு கேள்வி கேட்டு, கீழே பெயர்களைக் காட்டுகிறதல்லவா. நான் வழக்கம்போல அப்பாவை அழுத்தப் போனேன். கலைமணி தடுத்தார். நானும்தானுங்க பாக்கறேன், என் பேரைச் சொல்லாம உள்ள போனாத் தப்பாயிடாதுங்களா என்றார். யாரும் பார்க்க மாட்டார்கள், அது சும்மா கேட்கிற கேள்வி என்றேன். சும்மாவோ என்னமோ, கேக்கறாங்க இல்லீங்களா, கேட்டா உண்மையத்தானுங்க சொல்லோணும் என்று சொல்லி, ரிமோட்டை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தன் பெயரைத் தானே போட்டார். அதற்குள் இரண்டு முறம் உதிர்த்திருக்கலாம் என்று பொன்னாயி அக்கா முணுமுணுத்தார். அதன்பிறகு கலைமணி வந்தால் அவர் பெயரில்தான் படம். நம் வீட்டுக் கணக்கில் திருட்டுத்தனமாக நுழையக் கூடாது என்று நினைத்த ஒரே ஆளைத்தான் சாமி, நீ திருடன் என்று நினைத்து அழித்தாய். உன் மேல் தப்பில்லை, தப்பெல்லாம் என் நாக்கில்.

மிளகு வேலை மாசி நடுவில் முடிந்துவிட்டது. வேலை முடிந்தும் அவர் வந்தார், வாரத்தில் இரண்டு நாள், இரண்டு பஸ் மாறி, மதியத்துக்கு மேல் வந்து நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். பொன்னாயி அக்காவும் கூடவே இருப்பார், தூங்கிக்கொண்டு. அப்போது நாங்கள் பார்த்தது எட்டுப் பகுதி உள்ள ஒரு தொடர், முகப்பில் ஒரு படிக்கட்டும் ஒரு பை தக்காளியும் இருக்கும். பன்னிரண்டு மாடி வீடு, லிப்டு கெட்டுப்போகிறது. பதினோராவது மாடியில் ஓய்வுபெற்ற டீச்சரம்மா தனியாக இருக்கிறார். லிப்டு ரிப்பேர்க்காரருக்கு அறுபது வயது, சாமான் வெளியூரிலிருந்து வர வேண்டும் என்று சொல்லிவிட்டு, அதுவரைக்கும் தினமும் படியேறி அந்த அம்மாவுக்குக் காய்கறி கொண்டுபோய்க் கொடுக்கிறார். நாலாவது பகுதியிலேயே சாமான் வந்துவிடுகிறது. அவரோ அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு இன்னும் வரவில்லை என்று சொல்லிச் சொல்லிப் படியேறுகிறார். எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடித்தது. கலைமணிக்குக் கோபம். ஆசையா ஏறி வர்றது நல்லதுதானுங்க, பொய்யச் சொல்லிட்டு ஏறி வர்றவனை நானாயிருந்தா ஊட்டுக்குள்ள விட மாட்டேனுங்க என்றார். ஏழாவது பகுதி முடிந்த அன்று பஸ்ஸுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது, பொன்னாயி அக்கா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார், எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, நாமும் ஒரே ஊட்டில் இருந்துகொள்ளலாமா என்று கேட்டுவிட்டேன். அவர் திடுக்கிடவில்லை. உங்க பொண்ணுகிட்டச் சொன்னீங்களா, மொதல்ல அந்தப் புள்ளகிட்டச் சொல்லுங்க, அது என்ன சொல்லுதுன்னு பாத்துட்டு வந்து என்னைக் கேளுங்க என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

சொல்லத்தான் இருந்தேன் கண்ணு. அந்த வாரம்தான் நீயே கேட்டாய், அதாருங்கப்பா என்று. சாமி கொடுத்த வாய்ப்பு மாதிரிக் கேள்வியே உன் வாயிலிருந்து வந்தது, நான்தான் கம்பெனிக்காரன் மேல் பழி போட்டேன். ஐந்து நாள் கழித்து அவர் எட்டாவது பகுதிக்காக வந்தார். டிவியைத் திறந்தேன். யமுனா, அப்பா, அவ்வளவுதான். நீ பெயரை அழித்திருப்பதை அவரிடம் சொல்லி வைக்கவேண்டும் என்றுகூட என் புத்திக்குத் தோன்றவில்லை. உங்க பொண்ணு அழிச்சுதுங்களா என்று அவர் மெதுவாகக் கேட்டார். ஆமாம், ஆனால் என்று ஆரம்பித்து முழுசாகச் சொல்லியிருக்க வேண்டும். நான் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். என் பொய்யைச் சொல்ல வேண்டிவருமே, பொய்க்காரனை ஊட்டுக்குள் விட மாட்டேன் என்று சொன்னவரிடம் எப்படிச் சொல்வது என்று வாய் கட்டிக்கொண்டது. சரீங்க, அது வேண்டாம்னு சொன்னா வேண்டாமுங்க, பெத்த புள்ள மனசு பெருசு என்றார். டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நாலு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார். இன்றோடு பதினெட்டு நாள் ஆகிறது, வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. நீ அவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டு இருக்கிறார், அப்படி நினைக்கட்டும் என்று விட்டவன் உன் அப்பன்.

உன் அம்மா பாப்பாத்தியை நான் மறந்துவிட்டதாக நினைக்காதே. மறக்கவில்லை, மறக்கவும் முடியாது, அவள் நட்ட கொடியில்தான் இந்த வருஷமும் பறித்தோம். நம் மலையில் துணை போனவர்கள் மறுபடி குடும்பம் நடத்துவது புதிதில்லை, ஊரில் கேட்டால் தலையாட்டிவிடுவார்கள், ஊரைப் பற்றி எனக்குப் பயமில்லை, உன்னைப் பற்றித்தான் பயம். அவள் போன இந்த எட்டு வருஷமாக நானும் சமைத்தேன், தின்றேன், காட்டுக்குப் போனேன், ஒன்றும் குறையில்லை என்றுதான் உன்னிடம் சொன்னேன். ஆனால் படத்தில் சிரிப்பு வருகிற இடத்தில் சட்டென்று பக்கத்தில் திரும்பிப் பார்ப்போம் இல்லையா, அங்கே ஆள் இருக்காது. அது ஒன்றுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. தை மாசத்திலிருந்து திரும்பிப் பார்த்தால் ஆள் இருந்தது சாமி. அதனால்தான் கேட்கிறேன். உனக்குச் சம்மதம் என்றால் சம்மதம் என்று எழுது. மனசு ஒப்பவில்லை என்றால் அதையும் எழுது, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன், கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பேன், அவ்வளவுதான்.

பங்குனி 23. கண்ணு, பேனா மாறியிருக்கிறது, பார்த்திருப்பாய். மேலே எழுதியதை முடித்துப் படித்துப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. இந்தத் தபால் உன்னிடம் வந்து சேரப் பத்துப் பதினைந்து நாள் ஆகும், உன் பதில் வர இன்னும் அவ்வளவு, அதுவரைக்கும் ஒரு பாவமும் செய்யாத என் பிள்ளை ஒருத்தர் மனசில் கெட்டவளாக இருக்க வேண்டுமா? சம்மதம் கேட்கிறதை அப்புறம் பார்க்கலாம், உண்மையைச் சொல்வதற்கு யாருடைய பதிலும் வேண்டியதில்லையே. கடிதத்தை ஒட்டாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இன்று காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து ஆலத்தூர் நாட்டுக்குப் போனேன்.

கலைமணி குச்சிக்கிழங்குக் காட்டில் களை கொத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், கொத்துவதை நிறுத்தவில்லை. வரப்பிலேயே நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன், நீ கேட்டதை, நான் சொன்ன பொய்யை, திருடன் என்று பயந்து நீ அழித்ததை, தலையை மட்டும் ஆட்டி நான் ஏமாற்றியதை. அப்ப அந்தப் புள்ளைக்கு நான் ஆருன்னே தெரியாதுங்களா என்று கேட்டார். தெரியாது என்றேன். களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்து சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார், சிரித்து முடித்ததும் திட்ட ஆரம்பித்தார். இருபத்தொரு நாளா, கண்ணால பாக்காத புள்ள மேல மனசு கசந்து கெடந்தேனுங்க, அந்தப் பாவம் உங்களைத்தான் சேரும் என்றார். இன்னும் நிறையத் திட்டினார், அதையெல்லாம் எழுதினால் தபால்தலை பத்தாது. அப்புறம் என் பையில் துருத்திக்கொண்டிருந்த கடிதத்தைப் பார்த்து, உங்க பொண்ணுக்குங்களா, படிக்கலாமுங்களா என்று கேட்டார், கொடுத்தேன். மண் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, வரப்பில் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து கடைசி வரைக்கும் படித்தார். நான் இந்தக் காலை மாற்றி அந்தக் காலில் நின்றேன்.

படித்து முடித்துவிட்டு, உன் பதில் வந்த பிறகுதான் கல்யாணப் பேச்சு, அதுவரைக்கும் படம் பார்க்க வரமாட்டேன், எட்டாவது பகுதியை நானும் தனியாகப் பார்த்துவிடக் கூடாது என்று மட்டும் சொன்னார், நான் ஒப்புக்கொண்டேன். கடிதத்தை மடித்து என் கையில் கொடுக்கும்போதுதான் கேட்டார். ஏனுங்க, இத்தனை பக்கம் எழுதியிருக்கீங்க, பஸ்ஸப் பாரு, பூசணிக்காயப் பாருன்னு. பக்கத்துல ஆளில்லைன்னு உங்க கஷ்டத்தையும் எழுதியிருக்கீங்க. அந்தப் புள்ள போயி ஆறு வருசமாச்சுங்களே, அது ஆரோட உக்காந்துங்க பாக்குது?

இந்த ஆறு வருஷத்தில் சாப்பிட்டாயா, குளிருகிறதா, முதுகு வலிக்கிறதா என்று கேட்டிருக்கிறேன், இதைக் கேட்டதே இல்லை. கேட்கவேண்டும் என்று தெரியாமல் இருந்துவிட்டேன். திரும்பி வருகிற பஸ்ஸில் முழுக்க அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன், நீ எனக்கு ஒவ்வொரு படமாகத் தேடித் தேடிச் சொன்னாயே, பார்த்துட்டீங்களாப்பா, எந்த எடத்துல சிரிச்சீங்க என்று விடாமல் கேட்பாயே, நான் பாட்டுக்கு நல்லா இருந்துச்சு கண்ணு என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவேனே என்று. என் சம்மதக் கேள்விக்கு மெதுவாக யோசித்து எழுது, அவசரமில்லை. இதற்கு மட்டும் உடனே எழுது, இனி போனிலும் நானே கேட்பேன், பேச்சை மழைக்குத் திருப்ப மாட்டேன். இருக்கிறார்கள் என்றால் யாரென்று சொல், எந்த ஊர், எந்தச் சாதி என்று கேட்க மாட்டேன். யாரும் இல்லை என்றால் இல்லை என்றே சொல், அப்பா வருத்தப்படுவாரே என்று என்னைப் போலப் பொய் சொல்லாதே.

அறப்பளீஸ்வரர் துணையால் நீ நோய்நொடி இல்லாமல், வாடாமல், தீர்க்காயுசாக இருக்க வேண்டும். ராகி மாவு தீர்ந்திருந்தால் சொல், அனுப்புகிறேன், தலைக்கு வாரம் ஒரு தடவையாவது எண்ணெய் வை. நீ யாரோடு உட்கார்ந்து பார்க்கிறாய் என்று மறக்காமல் எழுது சாமி.

என்றும் உன் நினைப்பாகவே இருக்கும்
அப்பா குப்புசாமி